பன்னிரண்டாவது எபிசோட்

காலை ஏழே முக்கால். கேட்டில் நூற்றுப்பத்துப் பேர். அவர்களுடைய போன்களை வாங்கி வைக்க மருதமுத்து ஒருவர்தான்.

குன்னூரை அடுத்த அந்த வெடிமருந்துத் தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் அணைத்துக் கொடுத்துவிட்டு, நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வில்லையைக் கொடுத்தால் போன் திரும்பக் கிடைக்கும்.

அன்றைக்கு வரிசை நகரவில்லை. ஃபோர்மேன் சில்வஸ்டரின் முன்னால் ஃபிட்டர் ஸ்டெபின் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"சார், ரோஸ்மேரி ஊட்ல சொல்லியிருக்கும்..."

"எம்பொண்ணு எல்லாம் சொன்னா. நானும் விசாரிச்சேன். குடி இல்லை, சீட்டு இல்லை. ஆனா ஜப்பான் பொம்மைப் படம் பாக்கறியாமே?"

"அனிமேங்க சார். பெரியவங்களும் பாக்கறதுதான்."

"இருபத்தொம்பது வயசு! மஞ்சூர் பஸ்ல உக்காந்து பொம்மை செத்துப்போச்சுன்னு அழுதியாமே?"

"பொம்மை இல்லீங்க. ரொம்ப நல்ல மனுசன்."

வரிசை குலுங்கிச் சிரித்தது.

"கண்ணு, பால் பாட்டில் இருக்குதா? இல்லாட்டி கேன்டீன்ல இருந்து நான் கொண்டாரட்டுமா?" என்றாள் கேன்டீன் ராக்கம்மா.

"இவனுக்குக் குடுத்தா எம்பொண்ணு தாலாட்டுப் பாடித்தான் இவனைத் தூங்க வைக்கோணும். முடியாது, போடா!"

சில்வஸ்டர் தன் போனை மருதமுத்துவின் கையில் திணித்தார். வில்லையைப் பிடுங்கிக்கொண்டு விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்து வரிசை கட்டியபோது, போன் அலமாரிக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். ஜப்பானிய மொழியில். அவளுக்குப் பின்னாலேயே கிட்டாரும் டிரம்மும் கிளம்பின.

மருதமுத்து எந்த அறை என்று பார்த்தார். வாயைத் திறப்பதற்குள், "என்னுதுங்கண்ணா!" என்று ஸ்டெபின் முண்டியடித்துக்கொண்டு வந்தான். "புது எபிசோட் வந்தா இப்படித்தான் கத்தும். குடுங்க."

மருதமுத்து அவன் நீட்டிய வில்லையைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். கத்திய போனை எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் கேட்டில் ஒரே கூத்துதான். வெல்டர் ஆறுமுகசாமி துண்டைத் தலையில் முடிபோலத் தொங்கவிட்டு, அந்தப் பெண்ணைப் போலவே கத்திக் காட்டினார். "ஓடு கண்ணு, பாப்பா தேடுது!" என்று ராக்கம்மா விரட்டினாள். ஸ்டெபின் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தபடியே வெளியே ஓடினான்.

"நல்லவேளை, பொண்ணு தப்பிச்சுது. ஏனுங்க ஃபோர்மேன்?" என்றார் ஆறுமுகசாமி.

சில்வஸ்டர் இருமினார். மங்கி குல்லாவைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. அலமாரியில் ஒரு போன் மிச்சம். வரிசையில் சில்வஸ்டர் மிச்சம்.

"வாங்கிக்கிறீங்களா? ஆனா இது ஸ்டெபினுதுங்க" என்றார் மருதமுத்து.

"அப்ப என்னுது?"

"கத்துச்சே, அதானுங்க. காலைல கோவத்துல ஆஃப் பண்ண மறந்துட்டீங்க."

சில்வஸ்டர் நாலு பக்கமும் பார்த்தார். மருதமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டெபினின் போனை ஆன் செய்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல் அது அடித்தது. திரையில் 'மாமனார்' என்று வந்தது.

"யாரு அது மாமனார்? இவனுக்கு எவன் பொண்ணு குடுத்தான்?"

"நீங்கதானுங்க. உங்க போன்ல இருந்துதான் கூப்பிடறான்."

சில்வஸ்டர் போனை வாங்கினார். பதற்றத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டார்.

"சார், ஸ்டெபினுங்க. வளைவு டீக்கடைல நிக்கறேன். எல்லாரும் போயிட்டாங்களா? கொண்டாந்து குடுத்தறேன். இந்தப் போனுக்கு ஒரு லாக் போடுங்க சார், யார் வேணாத் தொறக்கறாங்க."

"ஏண்டா உன்னுதுன்னு சொன்னே?"

"உங்க மூஞ்சியப் பாத்தனுங்க. என்னையத்தான் எல்லாரும் சிரிச்சுப் பழகிட்டாங்களே. புதுசா உங்களையும் எதுக்குங்க?"

சில்வஸ்டர் குல்லாவைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார்.

"எப்ப இருந்து சார் பாக்கறீங்க?" என்றான் ஸ்டெபின்.

"கொரோனாவுல இருந்து" என்றார், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது போன்ற குரலில். "ஊட்ல தெரியாது."

"பதினொண்ணாவது எபிசோட் முடிச்சிருக்கீங்க போல. செம சார்! பன்னெண்டுல பாருங்க, அந்தத் தங்கச்சி யாருன்னா..."

"டேய்!"

சில்வஸ்டர் போட்ட சத்தத்தில் கேட் நாய் எழுந்து ஓடியது.

"கதையச் சொன்னே, பொண்ணு கெடையாது! ஆமா!"

ஸ்டெபின் குரலைத் தாழ்த்தினான்.

"சொல்லலீன்னா சார்?"

சில்வஸ்டர் மருதமுத்துவைப் பார்த்தார். மருதமுத்து காலியான அலமாரியை ரொம்ப மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலியில் ஸ்டெபின் – ரோஸ்மேரி திருமணத்துக்கு முதல் ஓலை வாசிக்கப்பட்டது. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பங்குத்தந்தை கேட்டார். பெண்ணின் தகப்பனார் உட்பட யாரும் எழுந்திருக்கவில்லை.