சாப்பாடு கட்டிக் கொடுத்தவள்

"விடாமுயற்சி" என்றான் மேடையில் நின்ற பையன். அரங்கம் கைதட்டியது.

அவனுக்கு முன்னால் வந்தவள் "தன்னம்பிக்கை" என்றிருந்தாள். அவளுக்கும் முன்னால் வந்தவன் இரண்டையும் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கூரையைப் பார்த்தான்.

நூலகத்தின் வாசிப்புப் போட்டி அது. எல்லோருக்கும் ஒரே நாவல். தாயில்லாத சிறுமி ஒருத்தி சித்தியின் கொடுமையில் வளர்ந்து, வீட்டை விட்டு ஓடி, படித்துப் பெரிய ஆளாகிறாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி, கதையில் மறக்க முடியாத இடத்தையும் அதில் கற்ற பாடத்தையும் சொல்ல வேண்டும்.

தலைமை வகித்தவர் தன்னம்பிக்கைப் பேச்சாளர். கஷ்டம்தான் மனிதனைச் செதுக்கும் உளி என்று வியர்க்க வியர்க்கப் பேசிவிட்டு, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி உட்கார்ந்திருந்தார். தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவர். பொய்யில்லை. அவருடைய மாடி வீட்டு வாசலிலேயே தெருவிளக்கு இருந்தது.

ஒரு குட்டிப் பையன் மட்டும், "சித்திங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்" என்று பாடம் சொன்னான். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசி வரிசையில் இருந்த இஸ்திரிக்காரியும் சிரித்தாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

சலவைக் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். உடம்பிலிருந்து ஆவிச் சூடு இன்னும் இறங்கவில்லை. அடுத்துப் பேசப் போவது அவள் வீட்டுப் பெண். போட்டிக்குப் பெயர் கொடுத்த சங்கதியே அவளுக்குக் காலையில்தான் தெரியும். தெரிந்ததிலிருந்து கடையில் இரண்டு சட்டைகளைத் தீய்த்துவிட்டிருந்தாள்.

ஏனென்றால், பெண் அந்த நாவலைப் படிக்கவில்லை. கேட்டாள். கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தவளுக்கு, இஸ்திரிக்காரிதான் வேலை முடிந்து வந்து தினமும் வாசித்துக் காட்டினாள்.

வாசித்தது என்னவோ உண்மை. புத்தகத்தில் இருந்ததை அல்ல.

"பொண்ணு அழவே கூடாதும்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புத்தகத்திலோ பக்கத்துக்குப் பக்கம் அடி. சித்தி கரண்டியைக் காய்ச்சிச் சூடு போட வந்த இடத்தில் இவளுக்கு நாக்கு எழும்பவில்லை. கரண்டியால் பாலை ஆற்றிக் கொடுத்தாள் என்று வாசித்தாள். மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய இடத்தில், குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள் என்றாள்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டியிருந்தது. இவ்வளவு தங்கமான சித்தியை விட்டுவிட்டு அந்தச் சிறுமி எதற்கு ஓட வேண்டும்? யோசித்து யோசித்து, மேல்படிப்புக்கு வெளியூர் போகிறாள், சித்தியே ஸ்டேஷன் வரைக்கும் வந்து சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள் என்று ஒப்பேற்றினாள். வீட்டை விட்டு ஓடுகிறவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த சித்தி உலக இலக்கியத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கண்கட்டைப் பிரித்த அன்றே புத்தகத்தை நூலகத்தில் சேர்த்துவிட்டாள். தொலைந்தது சனியன் என்று நிம்மதியாக இருந்தாள்.

பெண் மைக்கின் முன் வந்து நின்றாள்.

விடாமுயற்சின்னு சொல்லிட்டு இறங்கிடுடி, என் கண்ணு, என்று இஸ்திரிக்காரி உதட்டுக்குள் மன்றாடினாள். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தினம் தினம் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறாள் என்று பெண் நினைத்துவிட்டால்? அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்ததே அந்தப் பெண்ணின் நம்பிக்கை ஒன்றுதான்.

"எனக்கு மறக்க முடியாத இடம், ஸ்டேஷன்ல அந்தப் பொண்ணுக்கு சித்தி சாப்பாடு கட்டிக் கொடுக்கிற இடம்."

அரங்கம் சலசலத்தது. "பிட்டு மாறிப்போச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

தலைவர் மைக்கை இழுத்தார். அவர் படித்தது பின்னட்டையை மட்டும்தான். ஆனால் 'கொடூரச் சித்தி' என்று அதிலேயே போட்டிருந்தது.

"பாப்பா, புத்தகத்தைப் படிச்சியா, கனவு கினவு கண்டியா? அந்த ராட்சசி பச்சைத் தண்ணிகூடத் தர மாட்டாளேம்மா!"

இஸ்திரிக்காரி எழுந்துவிட்டாள். நான்தான் மாத்திப் படிச்சேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். வாயைத் திறப்பதற்குள் பெண் முந்திக்கொண்டாள்.

"படிச்சேன் சார். ரெண்டு தடவை" என்றாள் பெண். "முதல் தடவை கண்ணுல கட்டு. வீட்ல படிச்சுக் காட்டினாங்க. கட்டுப் பிரிச்சப்புறம் லைப்ரரியில எடுத்து நானே படிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது, நான் அழக் கூடாதுன்னு வரிக்கு வரி எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காங்கன்னு."

கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"முதல் தடவை படிச்ச கதைதான் சார் நல்லாருந்துது."

தலைவர் யோசித்தார். விடாமுயற்சியில் இதைச் சேர்க்க முடியவில்லை. தன்னம்பிக்கையிலும் இடமில்லை. "சரி சரி, நேரமாச்சு, அடுத்து யாரு?" என்றார்.

பெண் படியிறங்கி, இருக்கைகளின் நடுவே நேராகக் கடைசி வரிசைக்கு வந்தாள். நின்றபடியே இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சித்தி, போலாம்" என்றாள், மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்கும்படி.

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. நாவலில் பார்த்த முகத்தை அவள் முகத்தில் தேடின.

கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஒவ்வொருவராகக் காலை மடக்கி வழி விட்டார்கள்.