இன்னொரு அமுக்கு

மலைப்பாதைச் சேற்றில் முட்டைகோஸ் ஏற்றிவந்த லாரி சிக்கிக்கொண்டது. பின்சக்கரங்கள் சுற்றிச் சுற்றிப் புதைந்தன. முன்சக்கரங்களையும் இழுக்க வைக்கும் சுவிட்சை டிரைவர் அருளப்பன் அமுக்கினார். சுவிட்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும்.

"இன்னுமா சேர்க்கல?" என்று, முன்சக்கரங்களை இன்ஜினோடு சேர்க்கும் அடியிலிருந்த சின்ன மோட்டாரிடம் கத்தியது சுவிட்ச்.

"சேர்க்கத்தான் பாதி வழி வர்றேன். அதுக்குள்ள இன்னொரு அமுக்கு அமுக்கிப் பிரிக்கச் சொல்ற. எந்தப் பேச்சைக் கேட்கிறது?"

"நான் என்ன செய்ய? என் தலைமேல அவர் விரல்!"

அலுத்துப்போன அருளப்பன், இன்ஜினை ஓடவிட்டபடியே மெக்கானிக்குக்கு போன் போட இறங்கினார். தொடுவாரில்லாத அந்த நேரத்தில் மோட்டார் வேலையை முடித்தது. விளக்கு நிலையாக எரிந்தது.

திரும்பி வந்தவர் பார்த்தார். "அட, கியர் விழுந்துடுச்சா!"

நிஜமாகவே விழுந்ததா என்று பார்க்க, இன்னொரு தடவை அமுக்கினார்.