ரஞ்சிதம் வீட்டு ஐஜிபி

ரஞ்சிதம் வீட்டுச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் ஐஜிபி இருந்தார். நாட்டின் போலீஸ் படைத் தலைவர் மாறும்போதெல்லாம், பத்திரிகையில் வரும் புதியவரின் படத்தை வெட்டி ஒட்டிவிடுவாள். இவர் ஐந்தாவது ஆள்.

"சொந்தக்காரராக்கா?" என்று கேட்டாள், தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லய வீட்டுக்குப் புதிதாக வந்த திலகா.

"இல்ல லா. என் மகன் லிங்கேஸ்வரன் படம் இவருகிட்டதான் இருக்கு."

எட்டு ஆண்டுகளுக்கு முன் ரிங்லெட் டவுனுக்குப் போன பையன் திரும்பவேயில்லை. போனில் எடுத்த படங்களெல்லாம் அவனோடு போய்விட்டன. மிஞ்சிய ஒரே படத்தை மனுவோடு சேர்த்துக் கோலாலம்பூருக்கு, ஐஜிபி பேருக்கே அனுப்பியிருந்தாள்.

"ஆளு மாறுனாலும், புதுசா வர்றவரு அந்தக் கேஸ் ஃபைல வாங்கித்தானே ஆகணும்."

பிள்ளை முகத்தைப் பார்க்கப் பெற்றவளுக்கு ஒரு படம்கூட இல்லையே என்று திலகாவுக்கு மனசு கேட்கவில்லை. ரஞ்சிதத்துக்குத் தெரியாமல், படத்தைத் திருப்பித் தரும்படி ஐஜிபிக்கு மலாயில் கடிதம் எழுதினாள்.

இரண்டே மாதத்தில் பதில் வந்தது. பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த ரஞ்சிதத்தின் கையில் திலகா உறையைக் கொடுத்தாள்.

உள்ளே பதினெட்டு வயது லிங்கேஸ்வரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ரஞ்சிதம் வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, சுவரிலிருந்த ஐஜிபியை மெல்ல உரித்தெடுத்தாள்.

"திருப்பி அனுப்பிட்டாங்களா? அப்ப தேடுறத விட்டுட்டாங்க."

"இல்லக்கா. நாந்தான் கேட்டு எழுதுனேன். நகல் வச்சிக்கிட்டு இன்னும் தேடுறாங்கன்னு கூட வந்த லெட்டர்ல போட்டிருக்கு."

ரஞ்சிதம் காதில் வாங்கவில்லை. முருகன் படத்திலிருந்த பூச்சரத்தைக் கழற்றி, மகன் படத்துக்குப் போட்டாள்.