மண்டைக்குள் மருந்து

ஃபிரிட்ஜைத் திறந்த அம்மா, முட்டைகளுக்கு நடுவே கிடந்த வீட்டுச் சாவியை எடுத்து, பார்க்க வந்திருந்த மகளிடம் ஆட்டிக் காட்டினாள்.

"பாத்தியாடி உங்கப்பா லட்சணத்தை? காலைல இருந்து இதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"நான்தான் வச்சேன்," என்றார் அப்பா, குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நான் என்ன பண்றது? மண்டைக்குள்ள இருக்கிற மருந்து அப்படிப் பண்ணுது."

மருந்து என்றால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம் பளிச்சென்று தெரிவதற்காகக் கையில் ஏற்றுவார்களே, அது. அப்பாவின் தலைக்குள் ஒரு சாதுவான கட்டி பல வருஷமாக வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. அது வளர்கிறதா என்று பார்க்க வருஷா வருஷம் ஊசி, ஸ்கேன். அந்த மருந்தில் ஒரு துளி மூளையிலேயே தங்கிவிடுகிறது என்று எங்கேயோ படித்தாலும் படித்தார், கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பால் பொங்கி வழிந்தால் மருந்து. குழாயை மூடாமல் விட்டால் மருந்து. செருப்பு துணி பீரோவுக்குள் போனாலும் மருந்து. மனுஷர் மட்டும் பரம யோக்கியர்.

"நல்ல மருந்துப்பா," என்றாள் மகள். "குறுக்கெழுத்தை மட்டும் ஒழுங்கா போட விடுது பாருங்க."

இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிப்பதுதான் அவள் உத்தியோகம். கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு காலை நொண்டுகிறவர்களை நிறையப் பார்த்தவள். அப்பாவையும் அந்த வரிசையில் எப்போதோ சேர்த்துவிட்டாள்.

ஆனால் போன வாரம் நடந்தது கேலிக்குரிய விஷயமில்லை. கேஸைத் திறந்துவிட்டு யாரோ பற்றவைக்க மறந்து, வீடு முழுக்க வாடை. வழக்கம்போல, "நான்தான்" என்று கையைத் தூக்கினார் அப்பா.

"இனிமே இவரை வச்சு என்னால மாரடிக்க முடியாதுடி," என்றாள் அம்மா. "ஏதாவது முதியோர் இல்லம் பாரு. என்னைக்காவது என்னை உள்ள வச்சுக் கொளுத்திடுவார்."

"முதல்ல டாக்டரைப் பாப்போம். மருந்தா மண்டைக்கனமான்னு அவரே சொல்லட்டும்."

அப்பா மறுக்கவில்லை. அம்மாவும் வர வேண்டும், ஆனால் டாக்டர் கூப்பிடும்வரை வெளியிலேயே உட்கார வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வேஷம் கலையும்போது பெண்டாட்டி எதிரில் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் பழைய ஸ்கேன்களைப் புரட்டினார். அப்பாவிடம் ஏதேதோ கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்.

"மருந்து கொஞ்சூண்டு தங்குறது நிஜம்தாம்மா. ஆனா அதனால இப்படி மறதி வரும்னு இதுவரைக்கும் நிரூபணமாகல. இவருக்கு ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல. நான்கூட இவ்வளவு வேகமா கழிக்க மாட்டேன்."

மகள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"சபாஷ்ப்பா! அப்ப எல்லாம் நாடகம். வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்க இப்படி ஒரு சாக்கா? அம்மா பாவம், உங்களுக்குப் பயந்து தூங்குறதே இல்ல."

"சாவியை நான் வைக்கலம்மா."

"பின்ன, மருந்து இறங்கி வந்து வச்சுதா?"

"கேஸையும் நான் திறக்கல. வீட்டுல இருக்கிறது நாங்க ரெண்டே பேர்."

மகள் கதவுப் பக்கம் திரும்பினாள்; அதற்கு வெளியேதான் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு நாள் சர்க்கரை டப்பாவைத் தலையணைக்கு அடியில உங்கம்மா பாத்தா. அவ முகம் வெளுத்ததை நீ பாத்திருக்கணும். சட்டுனு, 'நான்தான் வச்சேன்'னுட்டேன். உடனே திட்ட ஆரம்பிச்சா பாரு, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. அதுல இருந்து எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கிட்டேன்." டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார் அப்பா. "பாக்க வேண்டியது அவளைத்தான் டாக்டர். எனக்குத் துணைக்குன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

மகள் அம்மாவைக் கூப்பிட வெளியே வந்தாள்.

அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி சொன்னார்?"

"நீ சொன்னது சரிதாம்மா. எல்லாம் அப்பாதான். மருந்து மண்டையில படிஞ்சு போச்சாம்."

"அப்பாடா!" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கே நான்தான் பண்றேனோன்னு பயந்து செத்துக்கிட்டிருந்தேன்டி."