கண்ணாடியை இறக்காதீங்க

"நிறுத்தாதீங்க! பானெட்டைத் தூக்கி வெச்சிருக்கான் பாருங்க!"

காருக்குள் இருந்த பெண் தன் கணவனிடம் கத்தியது, ரோட்டோரம் நின்ற 'எச்சரிக்கை அண்ணன்' காதில் நன்றாகவே விழுந்தது. கண்காணாத தேசத்தில், ஆள் அரவமில்லாத வயல்காட்டு ரோட்டில், தமிழ்க் குரல்! அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடினார்.

"அம்மா, ஒரு நிமிஷம்! என் சம்சாரத்தைக் குளவி கொட்டிருச்சு. உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு விட முடியாமக் கிடக்கா. வண்டியும் சூடாகி நின்னுபோச்சு. போன்ல சிக்னல் இல்ல. ஆஸ்பத்திரி வரைக்கும்..."

கார் வேகம் குறைந்தது. கண்ணாடி மட்டும் விரல் நுழையும் அளவுக்கு மேல் இறங்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க. இப்படித்தான் தமிழ்ல பேசி மடக்குவாங்கன்னு எங்க குரூப்ல எச்சரிக்கை அண்ணன் போட்டிருக்காரு."

"ஐயோ, நான்தாம்மா அந்த எச்சரிக்கை அண்ணன்!"

"அவர் பேரைச் சொல்லியே ஏமாத்துவாங்கன்னும் போட்டிருக்காரு" என்றான் கணவன். கார் பறந்துவிட்டது.

போட்டதென்னவோ வாஸ்தவம்தான். அண்ணனுக்குக் காய்கறிக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. ஆனால் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் சிதறிக் கிடக்கும் தமிழாட்களுக்கு அவர் வாட்ஸ்அப் காவல்காரர். போலி மோதிரத்தைக் கையில் திணிப்பவன், பெட்ரோல் தீர்ந்ததென்று அழுபவன், வேண்டுமென்றே வண்டியில் வந்து விழுபவன், ஒருத்தன் தப்ப முடியாது. அவரை நேரில் பார்த்திராதவர்கள்கூட அவர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"என்னங்க..."

பின்சீட்டில் படுத்திருந்த மனைவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. உதடு வீங்கி, கண் இடுங்கி, முகமே அவள் முகமாக இல்லை. அண்ணன் வாய்விட்டு அழுதார். திறந்த கதவுக்கு வெளியே அவள் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

கோழிப்பண்ணை வேன் ஒன்று வந்தது. அதுவும் தாண்டிப் போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு அப்படியே பின்னால் வந்தது.

இறங்கியவனைப் பார்த்ததும் அண்ணன் இரண்டடி பின்வாங்கினார்.

அவனேதான்! போன குளிர்காலத்தில் காட்டு ரோட்டில் குறுக்கே ஓடி வந்து, "அண்ணா, அண்ணா" என்று கண்ணாடியைத் தட்டியவன். அவர் கண்ணாடியை இறக்கவே இல்லை. உள்ளே இருந்தபடியே படம் பிடித்து, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'வண்டி நின்னுபோச்சு, போன் செத்துப்போச்சு என்பான். உஷார்!' என்று குரூப்பில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

அவன் பின்சீட்டை எட்டிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

"பிடிங்கண்ணா, தூக்குவோம். நேரமில்ல."

ஏறுவதா, வேண்டாமா? ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவருக்குப் புத்தி வேலை செய்யவில்லை. மனைவியின் மூச்சு இழுத்த இழுப்பில் ஏறிவிட்டார். ஏறும்போதே மோதிரத்தைக் கழற்றிக் காலுறைக்குள் திணித்துக்கொண்டார். ஜாக்கிக் கம்பியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

சற்று தூரத்தில் வேன் தார் ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கியது.

"டேய், எங்கே போறே? ஆஸ்பத்திரி நேராத்தானே இருக்கு?"

"நேராப் போனா ரயில்வே கேட்ல மாட்டிக்குவோம்ணா."

இரண்டு பக்கமும் புதர். ஒரு வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. அண்ணன் அவன் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு கம்பியை இறுக்கிப் பிடித்தார். இன்னொரு தரம் திருப்பினான் என்றால் போட்டுவிடுவது என்று முடிவே செய்துவிட்டார்.

இன்னொரு தரம் திருப்பினான். எதிரே ஆஸ்பத்திரியின் பின்வாசல்.

ஊசி போட்டார்கள். ஆக்ஸிஜன் முகமூடி வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை முழுசாக அடைத்திருக்கும் என்றார் டாக்டர். மனைவி கண் திறந்து பார்த்த பிறகுதான் அண்ணனுக்குத் தன் கையில் இன்னமும் கம்பி இருப்பது உறைத்தது. அவமானம் பிடுங்கித் தின்றது.

வெளியே அவன் வேனிலேயே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி எப்படிண்ணா இருக்காங்க?"

"பொழைச்சுட்டா. உங்களாலதான் தம்பி." அண்ணன் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "என்னை உங்களுக்கு அடையாளம் தெரியலையா?"

"கிட்ட வந்ததுமே தெரிஞ்சுதுண்ணா. அதான் தாண்டிப் போனேன்."

"அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?"

"பின்சீட்டுல அண்ணி படுத்திருந்தது கண்ணுல பட்டுச்சு. அன்னைக்கு என் வண்டியிலயும் என் பொண்ணு அப்படித்தான் படுத்திருந்தா."

"நீங்க போனப்புறம் நம்மாளுங்க வண்டி ரெண்டு வந்து நின்னுச்சுண்ணா. அவங்க போனைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. போயிட்டாங்க."

"இப்ப... பாப்பா எப்படி இருக்கா தம்பி?"

அவன் வேனைக் கிளப்பினான்.

"இதே ஆஸ்பத்திரிக்குத்தாண்ணா தூக்கிக்கிட்டு நடந்து வந்தேன். வந்து சேர்றதுக்குள்ள தோள்லயே சில்லிட்டுப் போயிட்டா."