லைனிங் துணி

அடுக்கிய துணிகளை மூன்றாவது தடவையாகப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள் தையற்காரி.

இருபது கிலோவுக்கு மேல் கூடாது என்று டூர் கம்பெனி கொடுத்த தாளில் போட்டிருந்தது. ஏழு நாள், நாற்பது பேர், கூட்டிப்போய்க் கூட்டிவர ஒரு வழிகாட்டி. கூட்டத்தில் தொலையாமல் இருக்கத் தலைக்கு ஒரு மஞ்சள் தொப்பி.

வெளிநாடு போகிறவர்களுக்கு முப்பது வருஷமாக ரவிக்கை தைத்துக் கொடுத்தவள். ஒருத்தியாவது திரும்பி வந்து ஒரு கீ செயின்கூடக் கொடுத்ததில்லை. இப்போது அவளே போகிறாள் என்றதும் தெரு முழுக்க அதே பேச்சு. எதிர்வீட்டு டீச்சர் மங்கி குல்லா கொடுத்தாள். மாடிவீட்டம்மா காலுறை இரண்டு ஜோடி கொடுத்து, ஒரு ஜோடி திரும்பி வந்தால் போதும் என்று பெரிய மனசு பண்ணினாள்.

எல்லாம் மாப்பிள்ளையின் ஏற்பாடு. மிஷினை மிதித்தே காலம் போய்விட்டது, கொஞ்சம் உலகத்தைப் பாருங்கள் அத்தை என்று டிக்கெட்டோடு வந்து நின்றார். பாஸ்போர்ட்டுக்கும் அவரேதான் அலைந்தார். என்ன தொழில் செய்கிறார் என்பது கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனாலும் நல்லது செய்கிற மாப்பிள்ளையிடம் என்னவென்று குறை சொல்வது?

பதினொரு மணிக்குக் கார் வரும்.

ஐந்து பருத்திச் சேலை வைத்தாள். அந்தக் குளிரில் சேலையைக் கட்டிக்கொண்டு நடக்க முடியாது என்று மூன்றை எடுத்துவிட்டு, இரண்டு சுடிதாரை வைத்தாள் மகள். ஆறு மாத வயிறு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஒரே துண்டைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். வேறு நாளாக இருந்தால் அந்த மங்கி குல்லாவை வைத்தே அம்மாவை ஒரு வழி பண்ணியிருப்பாள்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். கையில் கருஞ்சிவப்பில் முழங்கால் நீளக் கோட்டு.

அங்கே விமானத்தை விட்டு இறங்கும்போதே குளிர் அடிக்கும், ஸ்வெட்டரெல்லாம் எந்த மூலைக்கு என்றார். இதைப் பெட்டியில் வைக்க வேண்டாம், போட்டுக்கொண்டே போங்கள் என்றார். ஹோட்டலுக்கு அவருடைய நண்பர் ஒருவர் வருவாராம். இந்தக் கோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தருகிற வேறு கோட்டை வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

எதற்கு என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கை கேட்டுவிட்டது.

ரெடிமேட் துணி எது கிடைத்தாலும் அவள் விரல்கள் தானாக அடிமடிப்புக்குப் போகும். கோட்டு முழுக்க மிஷின் தையல். லைனிங் துணியின் அடிமடிப்பில் மட்டும் ஒரு முழ நீளத்துக்குக் கையால் ஹெம்மிங். அதற்குள்ளே இருந்தது பஞ்சும் இல்லை, கேன்வாஸும் இல்லை. சின்னச் சின்னப் பொட்டலங்கள். அழுத்தினால் மாவுபோல் நழுவின.

என்னவென்று அவளுக்குத் தெரியாது. எப்பேர்ப்பட்ட சமாசாரம் என்பது தெரிந்துவிட்டது.

நிமிர்ந்தாள். மாப்பிள்ளை அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க அத்தை. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் இவள நான் பத்திரமா பாத்துக்கறேன்."

பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லவே இல்லை. அவர் மகளின் தோளில் கை வைத்தார். மகள் துண்டை இன்னொரு தடவை மடித்தாள்.

போகவில்லை என்றால், அந்தக் கோபத்தோடு இருக்கிற ஆளோடுதான் மகள் படியிறங்க வேண்டும். கத்தினால் தெரு கூடும். கூடிய தெரு சோற்று நேரத்துக்குக் கலைந்துவிடும். யாருக்காவது போன் பண்ணலாம் என்றால், வெளிநாட்டு சிம் போட்டுத் தருகிறேன் என்று அவளுடைய போனை நேற்றே அவர் வாங்கிப் போயிருந்தார்.

"சேலை மாத்திக்கிட்டு வந்துடறேன் மாப்பிள்ளை."

இரண்டு பேரும் கூடத்துக்குப் போனார்கள். கதவைத் தாழ் போட்டாள்.

கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள். பொடிப் பொடியாக, பிசிறில்லாமல், நல்ல தையல். அவசரத்தில் தைத்ததும் இல்லை, தெரியாதவர் தைத்ததும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு தையலும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இடது கைக்காரர் தைத்தால்தான் அப்படிச் சாயும். முப்பது வருஷத்தில் இடது கையால் ஊசி பிடிக்கிற ஒருத்தியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஊசியை வலது கைக்கு மாற்ற, பத்து வயசு மகளோடு மல்லுக்கட்டித் தோற்றதும் நினைவிருக்கிறது.

கோட்டோடு தரையில் உட்கார்ந்தாள்.

மிரட்டித் தைக்கச் சொன்னாரா, அடித்துத் தைக்கச் சொன்னாரா, எதுவும் சொல்லாமலே கோட்டை மடியில் போட்டாரா? கதவைத் திறந்து கேட்க முடியாது. கேட்டு ஆகப்போவதும் இல்லை. நாளைக்கு ஏதோ ஒரு விமான நிலையத்தில் எவனாவது இதைப் பிரித்து, தைத்தது யார் என்று கேட்டால், கைகாட்ட, கோட்டைப் போட்டிருக்கிற ஒருத்திதான் இருக்க வேண்டும்.

பிளேடை எடுத்தாள்.

ஒரு முழத்தையும் பிரித்தாள். பொட்டலங்களைத் தொடவில்லை. பழைய நூலைத் துணுக்கு விடாமல் பொறுக்கி ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டாள். நூல் பெட்டியில் கருஞ்சிவப்பைத் தேடி எடுத்து, மடிப்பைப் பிடித்து, வலது கையால் தைக்கத் தொடங்கினாள். கொஞ்சம் அகலத் தையலாகவே போட்டாள். தெருவில் எந்தப் பெண்ணிடம் காட்டினாலும், இது யார் தையல் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவாள்.

முடிச்சைப் பல்லால் கடித்து நூலை அறுத்தபோது, வெளியே ஹாரன் சத்தம்.

"கார் வந்தாச்சு அத்தை."

ஆயிற்று என்று குரல் கொடுத்தாள். கோட்டுக்குள் கையை நுழைத்து, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.