ஈரம் காய இருபது நிமிடம்

செல்போன் அலறியதில், காருக்குள் குனிந்திருந்த மருமகள் தலையைக் கூரையில் நங்கென்று இடித்துக்கொண்டாள்.

“வேலை இன்னைக்கே முடிஞ்சிடுச்சு. பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன். இருபது நிமிஷத்துல வீடு” என்றான் கணவன். நாளை மறுநாள் வர வேண்டியவன்.



“அத்தை, வந்துட்டாராம்!”

முன் சீட்டுக்குக் கீழே ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்த மாமியார் நிமிரவில்லை. ஒற்றும் வேகம் மட்டும் கூடியது.

காலையில் பாலத்துக்கு அடியில் கணுக்கால் அளவுதான் என்று நம்பி இறங்கிய மழைத் தண்ணீர், நடுவில் கதவு வரை ஏறிவிட்டது. கார் இருமிக்கொண்டே எப்படியோ கரையேறியது. ஆனால் வரும்போது பாதித் தண்ணீரை உள்ளேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இப்போது நான்கு கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன. பின் சீட்டில் டேபிள் ஃபேன் சுழன்றது. மிதியடிகள் மதில்மேல் படுத்திருந்தன. துணிக்கொடியில் சோபாவின் சிவப்புக் குஷன் சொட்டிக்கொண்டிருந்தது.

மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால்தான் விஷயம் தெரியும். அடியில் இருந்த பஞ்சு, ஊறிய ரொட்டி மாதிரி தண்ணீரைக் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தது. அழுத்தினால் கக்கியது. விட்டால் மறுபடி குடித்தது.

டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட மருமகளால் முடியவில்லை. கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையை ஒரு படி மேலே நிற்க வைத்துத்தான் இருவரையும் ஒரே உயரமாக்கினார்கள். அவ்வளவு நெடுநெடு உடம்பு. மாமியாருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அலமாரியின் இரண்டாவது தட்டுக்கே ஸ்டூல் தேடுகிறவர், பூனை மாதிரி உள்ளே நுழைந்து வேலை செய்தார்.

பழைய பேப்பரை அடுக்கி, அதன்மேல் முழங்காலை ஊன்றி, பிழிந்து, ஈரப் பேப்பரை உருவி, புதுப் பேப்பரை வைத்து... மூன்று மாதப் பேப்பரும் தீர்ந்துவிட்டது.

“நாத்தம் போகலையேடி” என்றார் மாமியார்.

மருமகள் ஓடிப்போய்க் காப்பித்தூளை ஒரு கிண்ணத்தில் கொட்டி எடுத்து வந்து உள்ளே வைத்தாள். இப்போது காப்பி குடித்த ஈர நாய் போல மணத்தது.

காருக்கு ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாத மனிதன் அவன். ‘இந்த வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்’ என்பது அவன் போட்ட சட்டம். அவன் வெளியூர் போகும் நாட்களில் எல்லாம் இரண்டு மாதமாக அந்தச் சட்டத்தை உடைத்து வந்ததில், வருகிற வியாழக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட் வரை வந்தாகிவிட்டது. கையில் லைசென்ஸ் வந்துவிட்டால் பிறகு அவன் என்ன குதித்தாலும் சரி. அதற்கு முன்னால் தெரிந்தால், எல்லாம் பாழ்.

தெருமுனையில் ஆட்டோ சத்தம்.

கார்ப்பெட்டை இழுத்து அமுக்கினார்கள். மிதியடிகளைப் போட்டார்கள். ஃபேனைத் தூக்கிக்கொண்டு மாமியார் வாசற்படிக்கு ஓடவும், கேட் திறக்கவும் சரியாக இருந்தது.

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். முதலில் அம்மாவைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தான். பின் கதவைத் திறந்தான். மூக்கு சுருங்கியது. குனிந்து கார்ப்பெட்டை ஒரு விரலால் அழுத்தினான்.

விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறியது.

“யாரு வண்டியை எடுத்தது?”

மாமியார் வாயைத் திறந்தார். மருமகள் அவரைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

“நான்தான்” என்றாள் மருமகள்.

“நீயா! வண்டி ஓட்டப் போனியா, மீன் பிடிக்கப் போனியா? சாவியைக் குடு. இனிமே இது என் பாக்கெட்டை விட்டு இறங்காது.”

கொடுத்துவிட்டாள். திட்டட்டும். சாவி போனால் போகட்டும். டெஸ்ட்டுக்கு டிரைவிங் ஸ்கூல் கார் இருக்கிறது. வியாழக்கிழமை விஷயம் இந்த வாயில் விழாமல் இருந்தால் போதும்.

ஃபேனைக் கட்டிப்பிடித்தபடி மாமியார் படியிலேயே நின்றார்.

“இன்ஜினாவது உயிரோட இருக்கா பாக்கறேன்” என்று முன் கதவைத் திறந்து, வழக்கம்போல் தொப்பென்று சீட்டில் விழுந்தான்.

“ஐயோ!”

முழங்கால் இரண்டும் டாஷ்போர்டில் மோதின. ஸ்டியரிங் தொப்பையில் பதிந்தது. உள்ளேயும் போக முடியாமல், வெளியேயும் வர முடியாமல் மாட்டிக்கொண்டான்.

இவ்வளவையும் காய வைத்தவர்கள், முன்னால் இழுத்த சீட்டைப் பின்னால் தள்ள மறந்துவிட்டார்கள்.

அவன் தன் முழங்காலைப் பார்த்தான். தன்னைவிட அரை அடி உயரமான மனைவியின் கால்களைப் பார்த்தான். கொடியில் சொட்டும் சிவப்புக் குஷனைப் பார்த்தான். கணக்கு உதைத்தது. மறுபடி மனைவியையே முறைத்தான்.

வாசற்படியில் ஃபேன் தொம்மென்று தரையில் இறங்கியது.

“அவளை ஏன்டா முறைக்கிற? எனக்குத்தான் பிரேக்குக்குக் கால் எட்டல.”